குடத்துக்காரரின் மருமகன்

தொலைக்காட்சியில் என்னை நீங்கள் பார்த்திருக்கலாம். பெயர் தெரிந்திருக்காது. ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ‘எங்களால் முடிந்ததைச் செய்தோம்’ என்று சொல்லும் டாக்டர் நான்தான். கடன் கேட்டு வரும் நாயகனை உட்காரச் சொல்லாத பேங்க் மேனேஜர், முகூர்த்த நேரத்தில் வாடகைப் பாக்கியைக் கேட்கும் மண்டபக்காரர், தீர்ப்பை ஒத்திவைக்கும் நீதிபதி, நாயகியின் தோழிக்கு அப்பா என்று எல்லாமாகவும் வந்திருக்கிறேன். இந்தித் தொடர்களிலும் மராத்தித் தொடர்களிலும் பல வருஷமாக இதுதான் எனக்குத் தொழில்.

தளேகாவ் ஸ்டேஷன் பக்கத்தில் எங்கள் வீடு. புனேயிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். லோணாவளா லோக்கலில் ஏறினால் தேஹு ரோடு, பேக்டேவாடி, கோராவாடி தாண்டி இறங்க வேண்டும். நடிப்பு ஆசையோடு இருக்கும் பிள்ளைகள் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்களும் உண்டு, எங்கள் மாவள் வட்டத்துக் கிராமங்களிலிருந்து வரும் மராத்திப் பிள்ளைகளும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அங்க்கிள், உள்ளே எப்படிப் போனீங்க?” ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரையில். தாய்மாமா பகலில் வயல் வேலை பார்ப்பார். கோயில் கொடை மாதங்களில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் குடம் அடிப்பார். மேடைக்கு நடுவில் அண்ணாவி, கையில் வீசுகோல், முன்னால் சலங்கை கட்டிய வில். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையிலிருக்கும் மட்டையால் அதன் வாயில் தட்டியபடி மாமா ஓரமாக உட்கார்ந்திருப்பார். பாட்டு முழுக்க அண்ணாவியுடையது. மாமாவுக்கு இருந்ததெல்லாம் ஒரே சொல்: ‘ஆமா.’

ஆனால் அந்த ‘ஆமா’ ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். எங்கள் பக்கத்துக் கதையான முத்துப்பட்டன் கதையில், பட்டன் கல்யாணம் முடித்த கையோடு களவு போன மாட்டை மீட்கக் கிளம்பும் இடத்தில் அது இழுத்துக்கொண்டு வரும், போகாதே என்று கையைப் பிடிக்கிற மாதிரி. பட்டன் விழுந்த இடத்தில் சத்தமே வராது. உதடு மட்டும் அசையும், குடத்தில் ஒரு தட்டு விழும். முன்வரிசைப் பெண்கள் அப்போதுதான் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். அண்ணாவி கதையைச் சொல்லும்போது நான் மாமா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கதை எனக்கு அங்கே தெரிந்தது.

ஒரு நாள் விடியற்காலை, கொடை முடிந்து வரப்பில் நடந்து வரும்போது கேட்டேன்: “மாமா, நீங்க பாட மாட்டியளா?”

“பாடுதவன் ஊரைப் பாத்துப் பாடுதாம்லே மருமவனே. ஆனா கதையை எங்கிட்டல்லா சொல்லுதான். நான் கேக்கலேன்னா ஊரு எப்படிக் கேக்கும்?”

எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது புரிகிற பேச்சாக இல்லை. சினிமாக் கொட்டகையில் நாயகனைப் பார்த்துத் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்த வயசு அது. எனக்கு நடுவில் உட்கார வேண்டும். அந்த ஆசையை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னைவிட்டுப் போகவே இல்லை. இன்றைக்கும் கேமரா என் பக்கம் திரும்பாமல் போகும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குறுகுகிறது.

ஐ.டி.ஐ. முடித்ததும் ஊரில் வேலை கிடைக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் சொல்லி 1983-ல் புனேக்கு வந்தேன். பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் உதவியாளர் வேலை. கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். வெளியே தொழிலாளி, உள்ளே நான். அவர் இண்டென்ட் சீட்டை நீட்டுவார், நான் பொருளை எடுத்துக் கொடுத்து, இருப்புக் கணக்கான ‘பின் கார்டி’ல் கழிப்பேன். பேரிங், கையுறை, டிரில் பிட், கிரீஸ். இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாகத் தெரியாது. பேச முடியாத ஊரில் மனிதனுக்கு மிஞ்சுவது காதும் கண்ணும்தானே.

அந்த ஜன்னலில் நான் பார்த்ததை எந்த நடிப்புப் பள்ளியும் எனக்குக் காட்டியிருக்காது. புதிதாகச் சேர்ந்த அப்ரண்டிஸ் பையன் சீட்டை இரண்டு கையாலும் நீட்டுவான், கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி. ஃபோர்மேன் சீட்டைப் பலகையில் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். யூனியன்காரர் சீட்டின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒரு ஜோடி கையுறை தேவைப்பட்டு இரண்டு ஜோடி எழுதிக்கொண்டு வருகிறவர், வந்ததும் வராததுமாக என் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார். இரவு ஷிஃப்டில் ஒருவர், மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து தகவல் வந்த பிறகும், சீட்டில் எழுதியிருந்த பொருள் எண்ணை எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். ஒரு இலக்கம்கூடத் தப்பவில்லை. கடைசி எண்ணைச் சொல்லும்போது மட்டும் கட்டை விரல் சீட்டின் ஓரத்தைக் கிழித்துவிட்டிருந்தது. பின்னாளில் ஒரு தொடரில், மகன் விபத்தில் சிக்கிய சேதியைக் கேட்டபடி வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் கடைக்காரராக நடித்தேன். அந்தக் கட்டை விரலைத்தான் கடன் வாங்கினேன்.

இந்த ஊர் நடிகர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொடங்கியது அந்த நாட்களில்தான். மராத்தி நாடகமும் சினிமாவும் நடுங்கிய வில்லன் நீளூ புலே, இளம்வயதில் புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். நாடகாசிரியர் தெண்டுல்கரின் ‘சகாராம் பைண்டர்’ நாடகத்தில் அவர் நின்ற நிற்பைப் பற்றி இன்றைக்கும் பெரியவர்கள் பேசுவார்கள். டாக்டர் ஸ்ரீராம் லாகூ காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவர். புனேயிலும் ஆப்பிரிக்காவிலும் மருத்துவம் பார்த்துவிட்டு, 1969-ல்தான் முழுநேர நடிகரானார். மோகன் ஆகாஷே மனநல மருத்துவர். நம் பக்கத்தைப் பார்த்தால், பூர்ணம் விஸ்வநாதன் டில்லி வானொலியில் 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்தவர். டெல்லி கணேஷ் பத்து வருஷம் விமானப்படையில் இருந்துகொண்டே தலைநகரத்துத் தமிழ் நாடகக் குழுவில் நடித்தவர், அதன் பிறகுதான் கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’. குணச்சித்திர நடிகர் என்று சொல்கிறோமே, அந்தக் குணத்தையும் சித்திரத்தையும் இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இவர்களில் ஒருவர்கூட, நடிக்க வருவதற்கு முன்பு இருந்த வாழ்க்கையை வீணான காலமாகப் பேசியதாக நான் படித்ததில்லை.

இந்தத் தளேகாவுக்கும் அந்த வரிசையில் ஓர் இடம் உண்டு. மாவள் மலைகளையும் கோட்டைகளையும் கால்நடையாகவே அளந்த எழுத்தாளர் கோ. நீ. தாண்டேகர் வாழ்ந்த ஊர் இது. அவருடைய ‘ஜைத் ரே ஜைத்’ நாவலை ஜப்பார் படேல் 1977-ல் படமாக எடுத்தார், ஸ்மிதா பாட்டீலும் மோகன் ஆகாஷேயும் நடித்தார்கள். தாண்டேகரின் பேத்தி மிருணாள் குல்கர்ணி பதினாறு வயதில் ‘ஸ்வாமி’ தொடரில் பேஷ்வாவின் மனைவி ரமாபாயாக வந்து, பின்னால் ‘சோன்பரி’யில் நாடெங்கும் குழந்தைகளின் தேவதையானார். நான் இங்கே வீடு பார்த்தது ரயில் வசதிக்காகவும் வாடகை குறைவு என்பதற்காகவும்தான். பிறகுதான் இதெல்லாம் தெரிந்து ஊர்மீது பிரியம் கூடியது.

மகாராஷ்டிரத்தில் தொழிலாளர் நல வாரியம் ஒவ்வொரு வருஷமும் தொழிலாளர்களுக்கு நாடகப் போட்டி வைக்கும். ‘காம்கார் கல்யாண்’ போட்டி என்பார்கள். எங்கள் தொழிற்சாலைக் குழுவுக்கு ஒரு வேலைக்காரன் பாத்திரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. இரண்டாம் அங்கம் முழுக்க மேடையில் நிற்க வேண்டும், பேச்சு மூன்று வரி. மராத்திக்காரர்கள் யாரும் அதற்கு முன்வரவில்லை. மிஷின் ஷாப்பில் வேலை பார்த்த இயக்குநர் என் ஜன்னலுக்கே வந்து, “அண்ணா, நீங்கள் எல்லோரையும் பார்க்கிற மாதிரி மேடையில் பார்த்தால் போதும்” என்றார். மாலையில் ஷிஃப்ட் முடிந்து தாலீம், அதாவது ஒத்திகை. என் மராத்தி அங்கே வளர்ந்ததுதான். நாடகம் நடந்த இரவு, வீட்டுக்காரர் தம் மனைவியை அவமானப்படுத்துகிற காட்சியில், கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கவும் முடியாமல் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாமல் நின்றேன். மாமாவின் சத்தம் வராத ‘ஆமா’ அப்போது எனக்குள் ஓடியது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பெண்ணின் அவமானத்தை என் வழியாகப் பார்த்தார்கள் என்பது மேடையில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்தது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இன்றுவரை அதுதான்.

மும்பைக்குப் போனது அதற்கு வெகுநாள் கழித்து, என் பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு. வார விடுமுறையைச் சேர்த்து வைத்துக்கொண்டு போவேன். அந்தேரி வர்சோவாவில் ஆராம் நகர் என்று ஒரு குடியிருப்பு. பழைய ஒற்றைமாடி வீடுகளில் வரிசையாக ஆடிஷன் நடக்கும். வாசலில் ஒருவர் முகத்தைப் பார்த்தே ‘நாட் ஃபிட்’ என்பார். திரும்பி வர வேண்டியதுதான். உள்ளே விட்டால் பெயர், உயரம், வயசு சொல்லி, இடது பக்கம், வலது பக்கம் திரும்பிக் காட்டி, கொடுத்த நாலு வரியைப் பேச வேண்டும்.

எனக்கு முதலில் வந்த வாய்ப்புகள் எல்லாம் ‘மதராஸி’ வாய்ப்புகள். திருநீற்றுப் பட்டை, வேட்டி, வார்த்தைக்கு வார்த்தை ‘ஐயையோ’. 1968-ல் வந்த ‘படோசன்’ படத்தில் மெஹ்மூத் போட்ட பாட்டு வாத்தியார் வேஷம் இந்தி மக்களின் மனசில் அப்படியே தங்கிவிட்டது. அவர் பெரிய கலைஞர், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஐம்பது வருஷம் ஆன பிறகும் ஒரு தமிழ்க் கணக்கர் இந்தித் தொடரில் வாயைத் திறந்தால் சிரிப்பொலி போடத் தயாராக இருந்தால் என்ன செய்வது? இதே தொலைக்காட்சியில்தான் ‘மால்குடி டேஸ்’ வந்தது. சங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த தொடர். ஆர். கே. நாராயணனின் ஊர், வேட்டி கட்டிய மனிதர்கள், பேசுவது சாதாரண இந்தி. ஒருவரும் ‘ஐயையோ’ போடவில்லை. தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு வீட்டு டி.வி.யைச் சுற்றிப் பஞ்சாபியும் பிஹாரியும் மராத்தியும் உட்கார்ந்து, அதில் வரும் சிறுவன் சுவாமியின் அப்பாவைத் தங்கள் அப்பாவாகப் பார்த்தார்கள். அதைக் கண்ணால் கண்டவன் நான்.

ஒரு தொடரில் தென்னிந்திய ஆடிட்டர் வேஷம் வந்தது. உதவி இயக்குநர் வசனத் தாளைக் கொடுத்து, “அங்க்கிள், கொஞ்சம் சவுத் டச்” என்றார். நான் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன்: “தம்பி, புனேயில் இருபது வருஷம் இருக்கிற தமிழன் எப்படிப் பேசுவான் தெரியுமா? இந்திக்கு நடுவில் மராத்தி வரும். எண்களை மட்டும் வாய்க்குள் தமிழில் எண்ணிவிட்டு வெளியே இந்தியில் சொல்வான். அதைச் செய்து காட்டட்டுமா?” இயக்குநரும் கேட்டார். கணக்குப் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே உதட்டுக்குள் தமிழில் கூட்டி, தொகையை இந்தியில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த நாலு நாள் வேஷம் தொடரில் பல மாதம் நீண்டது. எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடாது. ‘ஐயையோ’தான் வேண்டும் என்று சொன்ன சில இடங்களில் வேலையை விட்டுவிட்டு லோக்கல் பிடித்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’வில் 2008-லிருந்து கிருஷ்ணன் ஐயராக வருகிறவர் மத்தியப் பிரதேசத்துத் தேவாஸ் ஊர்க்காரரான தனுஜ் மகாசப்தே. யாரும் யாராகவும் நடிக்கலாம், நானே நீதிபதி பதவிக்குப் படித்தவன் இல்லை. நான் கேட்பதெல்லாம், அந்த மனிதனுக்கு ஒரு வேலையும் வீடும் கவலையும் இருப்பதாக நினைத்து எழுதுங்கள் என்பதுதான்.

ஷூட்டிங்கில் ஒரு வேலை இருக்கிறது, வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு காட்சியை முதலில் முழுசாக எடுப்பார்கள், அது மாஸ்டர். பிறகு ஒருவர் தோளுக்கு மேல் கேமராவை வைத்து எதிரே இருப்பவரின் முகத்தை எடுப்பார்கள். பிறகு க்ளோஸ்-அப். நாயகியின் க்ளோஸ்-அப் எடுக்கும்போது எதிரே நிற்கும் நான் படத்தில் இருக்க மாட்டேன். ஆனாலும் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று என் வசனத்தைச் சொல்ல வேண்டும். இதற்குக் ‘க்யூ கொடுப்பது’ என்று பெயர். பலர் தங்கள் பங்கு முடிந்ததும் வெளியே போய்விடுவார்கள். உதவி இயக்குநர் யாராவது தாளைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசிப்பார். அந்தப் பெண் சுவரைப் பார்த்து அழ வேண்டியிருக்கும்.

நான் போக மாட்டேன். டாக்டர் கோட்டைக் கழற்றாமல், மாஸ்டரில் எந்த இடத்தில் நின்றேனோ அந்த இடத்திலேயே நிற்பேன். அவள் கண் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே என் முகத்தைக் கொண்டுபோவேன். ‘எங்களால் முடிந்ததைச் செய்தோம்’ என்பதை மாஸ்டரில் சொன்ன அதே எடையில் சொல்வேன், ஏனென்றால் எடை கூடினாலும் குறைந்தாலும் அவள் அழுகை மாறிவிடும். அவள் அழுது முடிகிற வரை கண்ணை எடுக்க மாட்டேன். அதில் ஒரு ஃபிரேம்கூட என்னுடையது இல்லை. ஒரு மூத்த நடிகை, பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, ஒருநாள் இரவு பத்து மணிக்கு அப்படி ஒரு க்ளோஸ்-அப் முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் நாடகத்திலிருந்து வந்தவரா?” என்று கேட்டார். நான் குடம் அடிக்கிற வீட்டிலிருந்து வந்தவன் என்றேன். விளக்கிச் சொல்ல நேரம் இல்லை, அடுத்த லைட் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

நடிகர் விக்ரம் கோகலேயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அவர் புனேயில், நாடகத்தையும் சினிமாவையும் உண்டு வளர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். கொள்ளுப்பாட்டி துர்காபாய் காமத், 1913-ல் பால்கேயின் ‘மோகினி பஸ்மாசுர்’ படத்தில் நடித்து இந்தியத் திரையின் முதல் நடிகை என்று பெயர் பெற்றவர். அதே படத்தில் சிறுவயதிலேயே நடித்த கமலாபாய், விக்ரமின் பாட்டி. அப்பா சந்திரகாந்த் கோகலேயும் நடிகர். இத்தனை பரம்பரை இருந்தும், மும்பையில் குடியிருக்க இடமில்லாமல் அலைந்த காலத்தையும், அமிதாப் பச்சன் தமக்காக முதலமைச்சருக்குக் கடிதம் எழுதி வீடு கிடைக்க உதவியதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தூர்தர்ஷனில் வந்த ‘உடான்’ தொடரில் அவர் நாயகியின் அப்பா. போலீஸ் அதிகாரியாக வேண்டும் என்ற மகளின் கனவுக்குப் பின்னால் நிற்கிற மனிதர். மகள் பேசும்போது அவர் பதில் சொல்வதற்கு முன் ஒரு நிறுத்தம் வரும். அந்த நிறுத்தத்துக்குள் அவருடைய கண் அவள் சொன்னதை வாங்கி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வரும். குடியிருப்பு டி.வி. முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, என் மாமாவைத் தெரியாத ஒருவர் மாமா செய்ததையே செய்கிறார் என்று எனக்குப் பட்டது. பிற்காலத்தில் ‘அனுமதி’ படத்துக்காகத் தேசிய விருதை இர்ஃபான் கானோடு பகிர்ந்துகொண்டார். ‘நட்சாம்ராட்’ படத்தில் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் பழைய நடிகராக, நானா பாட்டேகருக்கு எதிரே அவர் செய்ததை இளைஞர்கள் வந்தால் போட்டுக் காட்டுகிறேன். நானா பேசும் இடங்களில் கோகலேயை மட்டும் பாருங்கள் என்பேன்.

2022 நவம்பர் 26 அன்று புனேயில் அவர் காலமானார். அஞ்சலிக்காக உடலை பாலகந்தர்வ ரங்கமந்திரில் வைத்திருந்தார்கள்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும், பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். மும்பைத் தொடர்களில் இன்றைக்கு வேலை செய்தால் சம்பளம் பெரும்பாலும் 90 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்று பெயர், அதற்கு மேலும் போகும். கதையில் ‘லீப்’ வைத்து ஐந்து வருஷம் தாண்டிக் குதித்தார்கள் என்றால் நம் பாத்திரம் ஒரே இரவில் இல்லாமல் போகும். யாரும் சொல்லக்கூட மாட்டார்கள், அடுத்த வாரம் தேதி கேட்டு ஃபோன் வராது, அவ்வளவுதான். ஒரு கம்பெனி எனக்குத் தர வேண்டிய பணம் கடைசிவரை வரவே இல்லை. ஸ்டோர்ஸ் வேலையை நான் வெகுகாலம் விடாமல் வைத்திருந்ததற்கு இதுதான் காரணம். என் மனைவி தைத்துச் சம்பாதித்த காசும் அந்த வருஷங்களைத் தாங்கியது. கலைக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று எந்தப் பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். வீட்டு வாடகை பாக்கி இருக்கும் மனிதன் எதிரே நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்க மாட்டான், அவன் மனசு வீட்டுக்காரர் கதவைத் தட்டும் சத்தத்தில் இருக்கும்.

2023 ஜூலை மாதம் எங்கள் தளேகாவை உலுக்கிய சேதி ஒன்று வந்தது. ஆம்பி பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருந்த நடிகர் ரவீந்திர மகாஜனி இறந்துகிடந்தார். இறந்து சில நாள் ஆன பிறகே தெரியவந்தது. ஒரு காலத்தில் மராத்தித் திரையில் அவரைப் போல அழகன் இல்லை என்பார்கள். மும்பையில் டாக்ஸி ஓட்டிக்கொண்டே வாய்ப்புத் தேடியவர், சாந்தாராமின் ‘ஜுஞ்ச்’ படத்தில் நாயகனாகி, ‘தேவதா’, ‘மும்பைச்சா ஃபௌஜ்தார்’ என்று வரிசையாக நடித்தவர். அவர் குடும்பத்தின் விஷயத்தில் வெளியே நின்று பேச யாருக்கும் உரிமை இல்லை. அவரவர் எப்படி வாழ வேண்டும் என்பது அவரவருக்கே தெரியும். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நடுவில் உட்கார வேண்டும் என்று சின்ன வயசிலிருந்து ஆசைப்பட்டேனே, நடுவிலேயே உட்கார்ந்த மனிதர் நான் காய்கறி வாங்குகிற அதே ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. பொறாமையோடு கழித்த பல வருஷங்கள் அந்தப் பயத்தோடு சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டன. என் மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். “நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நம்ம வீட்டுச் சாவி ஒண்ணு கொடுத்து வைப்போம்” என்றாள். கொடுத்து வைத்தோம்.

அதனால்தான் கோகலேயின் இன்னொரு காரியம் எனக்கு அவர் நடிப்புக்குச் சமமாகப் படுகிறது. சினிமா, டி.வி. நடிகர்கள் சங்கத்தில் தலைவராக இருந்தவர் அவர். எங்களிடமிருந்து சில ஸ்டேஷன் தள்ளி, காம்ஷேத்துக்கு உள்ளே, மாவள் வட்டத்து நாணே கிராமத்தில் அவருக்கு நிலம் இருந்தது. அதில் ஒரு ஏக்கரை, வயசாகிப் போக்கிடம் இல்லாத கலைஞர்கள் தங்க வீடு கட்டுவதற்காக 2020-ல் கொடுத்தார். வீடில்லாமல் அலைந்ததை மறக்காத மனிதர் கொடுத்த நிலம் அது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்திராயணிப் பள்ளத்தாக்கின் நெல்வயல்களைப் பார்த்துக்கொண்டே நினைப்பேன், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விருதைவிட முதலில் வேண்டியது ஒரு கட்டிலும், பக்கத்தில் பேச்சுக்கு ‘ஆமா’ சொல்ல ஓர் ஆளும்தான். அரசுகளும் தொலைக்காட்சிக் கம்பெனிகளும் இதைத் தனிமனிதர்களின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தினக்கூலிக்கு வரும் துணை நடிகருக்கும் சேமநலநிதியும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஸ்டோர்ஸ் உதவியாளனாக இருந்த எனக்கு அவை இரண்டும் இருந்தன. நடிகனாக இருக்கும் எனக்கு இல்லை.

இப்போது ஒரு மராத்தித் தொடரில் நில அளவைக்காரர் வேஷம் வந்திருக்கிறது. வட்காவில் உள்ள தாலுகா அலுவலக வளாகத்துக்குப் போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். சாத்-பாரா எனும் நிலப் பதிவின் நகல் வாங்க வரும் விவசாயிகள் அந்தத் தாளை மடிக்கிற விதம் தனி. பட்டா எண் இருக்கும் இடத்தில் மடிப்பு விழாதபடி நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டையின் உள்பையில் வைக்கிறார்கள். அளவைக்கு வருகிற ஊழியர் வரைபடத்தைக் காரின் முன்பக்கத்தில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கையில் கிடைத்ததை வைக்கிறார்: சாவிக்கொத்து, கண்ணாடிக் கூடு, ஒரு கல், வயலின் சொந்தக்காரருடைய தொப்பி. தொப்பியைக் கேட்டு வாங்கி வைத்தபோது அந்தப் பெரியவர் வெறுந்தலையோடு நின்றார்.

காட்சியில் எனக்கு மூன்று வசனம். நாயகனின் அப்பா எல்லைக் கல்லைக் காட்டி அழுது பேசுவார், ஒன்றரைப் பக்கம். அவருடைய க்ளோஸ்-அப் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று உதவி இயக்குநர் சொன்னார். என் பங்கு அதற்கு முன்பே முடிந்துவிடும், கிளம்பலாம் என்றார். இருந்து க்யூ கொடுத்துவிட்டுப் போகிறேன், ஆறு மணி லோக்கலில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருடைய தொப்பியை வரைபடத்தின் மேல் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறேன்.